பர்னர் மட்டுமில்ல, சீசியமும் இவரோடதுதான்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபில் நீங்க பற்ற வைத்த பர்னரின் பெயர் ஞாபகம் இருக்கா? அந்த ராபர்ட் புன்சன் 1811-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிறந்தவர். இளம் வயதில் ஆர்சனிக் சேர்மம் ஒன்று வெடித்து ஒரு கண்ணில் பார்வை போனது. மிச்சமிருந்த கண்ணை வைத்துத்தான், அதுவரை யாரும் பார்க்காத நிறக்கோடுகளை மனுஷன் பார்த்தார்!

ஹைடல்பெர்க்கில் அவரும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் சேர்ந்து நிறமாலைமானி ஒன்றை உருவாக்கினார்கள். 1860-ல் துர்க்ஹைம் ஊற்றுநீரின் உப்பைச் சுடரில் காட்டியபோது, தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகள். வானநீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்துச் சீசியம் என்று பெயரிட்டார்கள்.

கோடு தெரிஞ்சா போதுமா? பொருள் கையில் வேணுமே. சுமார் 44,000 லிட்டர் ஊற்றுநீர், அதாவது நம்ம ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி. அதை வற்றவைத்துக் கிடைத்தது சில கிராம் சீசியம் குளோரைடு.

வற்றவைப்பதுகூட ஈஸி, பிரிப்பதுதான் பெரும்பாடு. பிளாட்டினம் குளோரைடு சேர்த்தால் பொட்டாசியம், ருபிடியம், சீசியம் மூன்றுமே வீழ்படிவாகும். ஆனால் கொதிநீரில் பொட்டாசியம் உப்பு மற்றதைவிட அதிகம் கரையும். அதனால் கொதிக்க வை, வடித்துக் கொட்டு, மறுபடி கொதிக்க வை. அப்புறம் ருபிடியத்தை நீக்கணும். கார்பனேட்டாக மாற்றி ஆல்கஹாலில் போட்டால் சீசியம் கரையும், ருபிடியம் அடியில் நிற்கும்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் ருபிடியம் ஒட்டிக்கொண்டது. அணு எடை 123 என்று வந்தது. அமெரிக்காவில் ஜான்சனும் ஆலனும் லெபிடோலைட் கனிமத்திலிருந்து இன்னும் சுத்தமாக எடுத்து 133 என்றார்கள். புன்சன் சண்டைக்குப் போகல. 1863-ல் தன் உப்பை மறுபடி சுத்தம் பண்ணி அளந்தார். அவருக்கும் 133-தான் வந்தது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இது.

1846-ல் பிளாட்னர் என்ற ஜெர்மானியர் எல்பா தீவின் பொலுசைட் கனிமத்தைப் பகுத்தார். எல்லாம் கூட்டினால் 93 சதவீதம்கூட வரல. சீசியத்தைப் பொட்டாசியம் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தார் என்பதை 1864-ல் பிசானி கண்டுபிடித்தார். பிளாட்னர் 1858-லேயே இறந்துவிட்டார், பாவம்.

இன்று சீசியத்தின் முக்கியத் தாது அந்தப் பொலுசைட்தான். கந்தக அமிலத்தில் கரைத்து, சீசியம் படிகாரமாக எடுத்து, திரும்பத் திரும்பப் படிகமாக்குவது ஒரு வழி. சீசியத்தை உலோகமாகப் பிரித்தவர் செட்டர்பெர்க், 1882-ல். அப்போது புன்சனுக்கு 71 வயது. 1899-ல் ஹைடல்பெர்க்கிலேயே காலமானார்.