தீரர் சத்தியமூர்த்தியும் பூண்டி நீர்த்தேக்கமும்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கடலொடு கலக்கும் ஆறு ஒன்று உண்டு. அதனைக் கொற்றலையாறு என்றும் கொசத்தலையாறு என்றும் வழங்குவர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் மாணவர் பலர் அதனைக் கண்டிருப்பர். ஆயின், அவர்கள் காண்பது ஆற்றின் கடைப்பகுதியே. உவர்நீரும், மீனவர் படகுகளும், அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த கரைகளுமே ஆண்டுக் கண்ணிற்படும். அந்த ஆற்றின் நன்னீரையே சென்னை மாநகரம் 1872ஆம் ஆண்டு முதல் பருகி வருகின்றது என்றால் நம்புதற்கு அரிதாயிருக்கும். அந்நீரை உப்பாகுமுன் மேட்டு நிலத்திலேயே தேக்கி வைக்கும் பூண்டி ஏரி உருவாதற்குக் காரணமாயிருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி ஆவர்.

சத்தியமூர்த்தி புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. புதுக்கோட்டையிலும் பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று வழக்கறிஞரானார். நாவன்மை அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. நாடகத்தில் பெருவிருப்புடையவர், தாமே வேடம் பூண்டு மேடையேறி நடித்ததும் உண்டு. தமிழாசிரியராகிய எமக்கு அவர்பால் மிக்க அன்பு உண்டாதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1928ஆம் ஆண்டில் பாரதியாரின் பாடல் நூல்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது, அச்செயலைக் கண்டித்துச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, பெரும்பான்மையோர் ஆதரவுடன் அதனை நிறைவேறச் செய்தவர் அவரே.

1939ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநகராட்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்காலத்து மேயர் பதவி ஓராண்டிற்கே உரியது. நகரமோ தண்ணீர்ப் பஞ்சத்தால் தவித்துக்கொண்டிருந்தது. அப்பஞ்சம் நேர்ந்த வகையை அறிதல் வேண்டும்.

கொற்றலையாற்றின் நீர் தாமரைப்பாக்கத்து அணையில் திருப்பப்பட்டுச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கால்வாய் வழியே வரும். செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்திற்கு நிலச்சரிவின் துணைகொண்டு தானே ஓடிவரும். இத்துணைத் தொலைவிற்கும் ஒரு பிடி நிலக்கரியும் செலவில்லை. கீழ்ப்பாக்கத்தில் மேட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி 1914ஆம் ஆண்டில் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. தொட்டியின் அடியில் சரளைக் கல்லும், அதன்மேல் மணலும் பரப்பப்பட்டிருக்கும். நீர் அம்மணலினூடே மணிக்குச் சில அங்குல அளவே மெல்ல மெல்ல இறங்கும். சில நாட்களில் மணலின் மேற்புறத்தில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று தோன்றும். பார்ப்பார்க்கு அது வெறும் பாசியாகவே தோன்றும். உண்மையில் அது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் குடியிருக்கும் படலம். நீரில் வரும் நோய்க் கிருமிகளை அழிப்பது பெரும்பாலும் அதுவே. படலம் தடித்து நீர் இறங்காது நின்றால், தொட்டியை வடித்துவிட்டு மேல்மணலை ஓரங்குல அளவு சுரண்டி எடுப்பர். மீண்டும் நீர் விட்டால் புதுப்படலம் தோன்றும். மருந்தும் வேண்டா, பொறியும் வேண்டா. வடிகட்டிய நீரை உயர்ந்த தொட்டிக்கு ஏற்றுதற்கு மட்டுமே நீராவிப் பொறி தேவைப்பட்டது. சிக்கனமான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஏரி வற்றிக் கிடப்பின் மணல் எதனை வடிகட்டும்?

1961ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை 6 இலட்சத்து 60 ஆயிரமாக இருக்கும் என்று கணித்தே மேட்லி அவ்வமைப்பை வகுத்திருந்தார். ஆனால், 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அத்தொகை 6 இலட்சத்து 47 ஆயிரத்தை எட்டிவிட்டது. 1941ஆம் ஆண்டில் 7 இலட்சத்து 77 ஆயிரமாயிற்று. மேலும், கொற்றலையாறு ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில கிழமைகளில் பெருக்கெடுத்து, எண்ணூர் வழியே கடலிற் பாய்ந்துவிடும். கார்த்திகையில் வெள்ளம், சித்திரையில் வெற்றுக் குடம் என்பதே அக்கால நிலை.

ஆற்றின் மேற்பகுதியில், நகருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பூண்டியில் அணை கட்டி வெள்ளத்தைத் தேக்கினால், வேண்டும்போது அந்நீரை ஆற்றின் வழியே தாமரைப்பாக்கத்திற்கு விடலாம். பின்னர் அது பழைய வழியிலேயே நகருக்கு வந்து சேரும். இத்திட்டத்தைச் சத்தியமூர்த்தி உறுதியாகப் பற்றிக்கொண்டார். திட்டம் வகுத்தல் பொறியாளர் தொழில். அதற்கு அரசின் இசைவைப் பெறுதல் மேயரின் தொழில். அவ்விசைவு எளிதிற் கிட்டக்கூடியதாக இல்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டது. காங்கிரசு அமைச்சரவை 1939ஆம் ஆண்டு அக்டோபரில் பதவி துறந்தது. ஆட்சி முழுதும் ஆங்கில ஆளுநரின் கையிலேயே இருந்தது. எந்த ஆட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்து முழங்கினாரோ, அந்த ஆட்சியினிடமே அணை வேண்டிச் சத்தியமூர்த்தி வாதாட நேர்ந்தது. இதனை முரண்பாடு என்று சிலர் கருதலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. குழாயடியில் குடத்துடன் விடியுமுன் காத்து நின்ற மகளிர்க்கும் அவரே மேயர் அல்லரோ! அரசு இசைந்தது. அவர் பதவிக்காலம் முடியுமுன்னரே, 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில், பூண்டியில் அடிக்கல் நாட்டப்பெற்றது.

அணையால் இழப்பும் நேர்ந்தது. நீர் பரவும் நிலத்தில் இருந்தோர் தம் இருப்பிடம் விட்டுப் பெயர்ந்தனர். திருவெண்பாக்கம் என்னும் பாடல் பெற்ற தலமும் நீர்ப்பரப்பினுள் அகப்பட்டது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த உறுதிமொழியைக் கடந்து புறப்பட்டமையால் கண்ணொளி இழந்த சுந்தரர்க்கு இறைவன் ஊன்றுகோல் அளித்ததாகப் பெரியபுராணம் கூறும் தலம் இதுவே. கோயில் வேறிடத்தில் மீண்டும் எழுப்பப்பெற்று, 1968ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. நகரத்தார் பருகும் நீருக்கு நாட்டுப்புறத்தார் கொடுத்த விலை இது.

அணை வேலை நடந்துகொண்டிருக்கையில், 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சத்தியமூர்த்தி சிறைப்பட்டார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டு சென்றனர். முதுகெலும்பில் உண்டான நோவு அவரை எழவொட்டாமல் வருத்தியது. இறுதியில் சென்னைப் பொது மருத்துவமனையில், 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 55. அணை, ஏறத்தாழ 65 இலட்சம் ரூபாய்ச் செலவில் முடிவுற்று, 1944ஆம் ஆண்டு ஜூனில் திறக்கப்பெற்றது. தாம் போராடிப் பெற்ற ஏரியில் நீர் நிறைந்ததை அவர் காணவில்லை.

நகரம் பின்னும் வளர்ந்தது. புதிய வழிகளும் தேவைப்பட்டன. எண்ணூர்க்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரவல்லது அது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளினூடே செலுத்தும் இம்முறைக்கு, ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். பூண்டி நீரோ பள்ளம் நோக்கித் தானே வருகின்றது. வடசென்னைக் கொடுங்கையூரில் கழிவுநீர்க் கசடிலிருந்து எழும் எரிவாயுவைக்கொண்டு மின்சாரம் ஆக்கி, அந்நிலையத்தையே இயக்கி வருகின்றனர். அங்குத் தூய்மை செய்த கழிவுநீரை மேலும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் மணலிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையமும் 2019ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதனால் அத்துணை ஏரிநீர் மக்களுக்கு மிஞ்சுகின்றது.

பூண்டி ஏரி இன்று சத்தியமூர்த்தி சாகர் என்னும் பெயர் பூண்டு, 3231 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் அளவினதாக உள்ளது. 1996ஆம் ஆண்டு முதல் ஆந்திர நாட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணை ஆற்று நீரும் முதன்முதல் வந்து தங்குவது அவ்வேரியிலேயே.