கால்பந்துக் கழகம் கண்ட கணக்கர்

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1877-ல் பிறந்தவர் ஹான்ஸ் காம்பர். நல்ல கால்பந்து ஆட்டக்காரர். 1898-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் உறவினரைப் பார்க்க வந்தவர், அங்கேயே கணக்கர் வேலையில் அமர்ந்துவிட்டார். பிழைப்புக்கு வழி கிடைத்தது. சேர்ந்து பந்தாடத்தான் ஆள் இல்லை. 1899 அக்டோபரில், ஆட விருப்பமுள்ளோர் வரலாம் என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். நவம்பர் 29-ல் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கூடினர். பிறந்தது பார்சிலோனா கால்பந்துக் கழகம். தலைவர் பதவியை வேறொருவருக்கு விட்டுவிட்டு அவர் ஆடப் போனார்.

1903-ல் ஆட்டத்தை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். 1908-ல் உறுப்பினர்கள் நாற்பது பேர்கூட மிஞ்சவில்லை. கழகத்தைக் கலைத்துவிடலாம் என்ற நிலையில் தலைமை ஏற்றார். ஐந்து முறை அப்பதவி வகித்தார். 1909-ல் சொந்த மைதானம், 1922-ல் லெஸ் கோர்ட்ஸ் பெரிய மைதானம் என வளர்ந்தது. தம் பெயரையே ஊர் வழக்கப்படி ஜுவான் என்று மாற்றிக்கொண்டார்.

1925 ஜூனில் அம்மைதானத்தில் ஸ்பெயின் தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் சீட்டியடித்தது. பிரிமோ டி ரிவேராவின் சர்வாதிகார அரசு மைதானத்தை மூடியது. சீட்டியடித்தவர்கள் ரசிகர்கள், நாட்டைவிட்டுப் போக நேர்ந்ததோ காம்பருக்கு! பிறகு திரும்பினார். ஆனால் 1929 பொருளாதாரச் சரிவில் சொத்தும் கரைந்தது. மனமுடைந்து, 1930 ஜூலை 30-ல் பார்சிலோனாவிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரால் கழகம் கோப்பைப் போட்டி தொடங்கியது 1966-ல்.