பூத்தொண்டர் பெரியாழ்வார்

நம் சுந்தரபாண்டியத்தை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர் விட்டுசித்தர். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் என்பர். நந்தவனம் அமைத்து, வடபத்திரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டுவதே அவர் தொண்டு. மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் அவையில் பொற்கிழி வென்றார். யானைமீது பவனி வந்தார். பெரியாழ்வார் எனப் போற்றப்பட்டார். அத்தனை பெருமைக்குப் பின்னும் பூத்தொண்டை விட்டாரில்லை. அந்நந்தவனத்துத் துளசியடியில் அவர் கண்டெடுத்து வளர்த்த செல்வியே ஆண்டாள் என்பது மரபு.

துளசி பூத்தால் தேனீ வரும். தேனீ மகரந்தம் சுமந்தால் தோப்பில் மாவும் தென்னையும் நன்கு காய்க்கும். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து தெளித்தாலோ அது மடியும். மாணவ நண்பர்களே! கல்லூரியில் ஒரு நந்தவனம் அமைப்போம். பள்ளிச் சிறாரை அழைத்துத் தேனீயின் பணியைக் காட்டுவோம். பறித்தது போக, தேனீக்கும் சில மலர்கள் மிஞ்சட்டும்!