கூப்பர் வளர்த்த முயல்கள்

வில்லியம் கூப்பர் என்னும் ஆங்கிலப் புலவரின் பெயர் நம் கல்லூரி மாணவர்க்குப் புதிதன்று. ஜான் கில்பினுடைய குதிரைச் சவாரியைப் படித்துச் சிரித்தோர் நம்முட் பலர். இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றிய ஞானப்பாட்டை ஆலயத்தில் தமிழிற் பாடியோர் அவரினும் பலர். அதன் ஆங்கில மூலமும் இவர் இயற்றியதே. (எழுத்தை நோக்கிக் கௌப்பர் என்று உச்சரிப்பாரும் உளர். அவர் குடும்பத்தார் கூப்பர் என்றே வழங்கினர்.) இவ்வளவு அறிந்திருந்த யாமும், அப்பாட்டைப் பாடியவர் தம் வாழ்நாளின் கடைசி இருபத்தேழு ஆண்டுகளைத் தேவன் தம்மைக் கைவிட்டார் என்னும் எண்ணத்தோடே கழித்தவர் என்பதைச் சென்ற ஆண்டுவரை அறியோம். அறிந்தபோது மனங் கலங்கினோம். அக்கலக்கத்தினிடையே எமக்கு அகப்பட்டவை மூன்று முயல்கள்.

கூப்பர் 1731-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, இங்கிலாந்திலுள்ள பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். ஆறு வயது நிரம்பும் தறுவாயில், 1737-ல், அன்னையார் இறந்தார். தாயற்ற பிள்ளையைத் தந்தையார் வெளியூர் விடுதிப் பள்ளியொன்றுக்கு அனுப்பினார். அங்கே சுமார் பதினைந்து வயதினனான மாணவன் ஒருவன் இச்சிறுவனைத் தன் விளையாட்டுப் பொருளாகக் கொண்டு நாள்தோறும் வதைத்தான். அவன் முகத்தை நிமிர்ந்து நோக்கும் துணிவு கூப்பருக்கு இல்லை. முழங்காலுக்கு மேலே கண்ணை உயர்த்த அஞ்சியதால், அவனுடைய பாதரட்சைக் கொக்கிகளைக் கொண்டே அவனை அடையாளம் அறிந்தாராம். இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வாராக.

பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிற் படித்து, சட்டம் பயின்று, 1754-ல் வழக்கறிஞரானார். ஆனால் வழக்குகளில் அவர் மனம் பற்றவில்லை. சிறிய தந்தையார் மகள் தியடோராவை மணக்க விரும்பினார். (நம்மவர் முறைக்கு அது சிறிதும் ஒவ்வாது, அந்நாட்டார்க்கு ஒக்கும்.) பெண்ணின் தந்தையார் இசையவில்லை. அவ்வம்மையார் இறுதிவரை மணஞ் செய்துகொள்ளவேயில்லை, கூப்பரும் அவ்வாறே.

1763-ல் பிரபுக்கள் சபையில் நடவடிக்கைக் குறிப்புகளைக் காக்கும் உத்தியோகம் ஒன்று அவரைத் தேடி வந்தது. அதற்காகச் சபையோர் முன்னின்று வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும் என்றனர். பலர் முன்னே நிற்பதை நினைத்த மாத்திரத்தில் அவர் மனம் நிலைகுலைந்தது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். உறவினர் அவரைச் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நத்தானியல் காட்டன் என்னும் மருத்துவர் நடத்திய இல்லத்திற் சேர்த்தனர். அங்கே அன்பான பராமரிப்பினாலும் வேதவாசிப்பினாலும் தெளிவு பெற்று, கிறிஸ்துவின்மீது உறுதியான விசுவாசமும் கொண்டு, 1765-ல் வெளிவந்தார். லண்டனுக்கும் சட்டத்திற்கும் அவர் திரும்பவில்லை. உறவினர் அளித்த சிறு தொகையைக் கொண்டு நாட்டுப்புறத்தில் அமைதியாக வாழ்வதென்று துணிந்தார். ஹண்டிங்டன் நகரில் அன்வின் என்னும் குருவானவர் குடும்பத்தோடு தங்கினார். 1767-ல் அக்குருவானவர் குதிரையினின்று விழுந்து இறந்தபின், அவர் மனைவியார் மேரி அன்வின் அம்மையாரும் கூப்பரும் ஓல்னி என்னும் சிற்றூரிற் குடியேறினர்.

ஓல்னியின் குருவானவர் ஜான் நியூட்டன், முன்னாளில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராயிருந்து மனந்திரும்பியவர். இருவரும் சேர்ந்து இயற்றிய ஓல்னி ஞானப்பாட்டுகள் 1779-ல் அச்சாயின. அவற்றிற் பெரும்பாலானவை நியூட்டன் பாடியவை. கூப்பர் பங்கு குறைந்ததற்குக் காரணம் 1773-ல் நேர்ந்த துன்பம். அவ்வாண்டு மறுபடியும் அவர் மனம் இருண்டது. தேவன் தம்மை என்றென்றைக்கும் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவிலே அறிவிக்கப்பெற்றதாக நம்பினார். அதன்பின் அவர் ஆலயத்துட் சென்றதில்லை. ஜெபிக்கவும் தமக்கு உரிமையில்லை என்று ஒதுங்கினார். பிறர்க்கெல்லாம் இரட்சிப்பு உண்டு, தமக்கு மாத்திரம் இல்லை என்பது அவர் கொண்ட முடிவு. நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துக் காத்தார். 1774-ம் ஆண்டு மே மாதத்திற் கூப்பர் தம் வீடு திரும்பினார். புத்தகம் படிக்க இயலவில்லை. மனிதரோடு பேசவும் இயலவில்லை. பொழுது போகாமையைப் போல அந்நோய்க்குப் பகை வேறில்லை.

அவ்வாண்டிலேதான் முயல் வந்தது. அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்காக யாரோ மூன்று மாதக் குட்டியொன்றைக் கொடுத்திருந்தனர். அதைச் சீண்டத் தெரிந்த அளவுக்கு உணவூட்டத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். நாளுக்குநாள் அது மெலிவதைக் கண்ட தகப்பனார், பிள்ளைகளின் சம்மதத்தோடு அதைக் கூப்பரிடம் கொண்டுவந்தார். கூப்பர் ஏற்றுக்கொண்டார். ஏன் ஏற்றார் என்பதற்கு, தமக்கு ஏதேனும் ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதையே அவர் காரணமாகச் சொல்லுகிறார். பாதரட்சைக் கொக்கிகளை நினைவிற் கொண்ட வாசகர்க்கு வேறொரு காரணமும் தோன்றக்கூடும். இச்செய்தி ஊரிற் பரவவே, அயலார் பலரும் முயற்குட்டிகளைக் கொண்டுவரத் தொடங்கினர். மூன்றுக்குமேல் ஏற்க அவர் மறுத்துவிட்டார்.

ஈண்டு ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் முயல் என்னும் ஒரே சொல்லால் வழங்குவது இருவேறு பிராணிகளை. வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்ந்து எளிதிற் பழகுவது ஒன்று. வெட்டவெளியிலே தனித்துக் கிடந்து, நிழலைக் கண்டும் வெருண்டோடும் காட்டு முயல் மற்றொன்று. கூப்பர் வளர்த்தவை காட்டு முயல்கள். ஆகவே அவர் செய்தது எளிய காரியமன்று.

அவற்றுக்குப் புஸ், டைனி, பெஸ் எனப் பெயரிட்டார். பெயர்களுள் இரண்டு பெண்பாலாயினும் மூன்றும் ஆண் முயல்கள். கூப்பர் தச்சுத்தொழில் கற்று, மூன்றுக்கும் தனித்தனிக் கூடுகள் செய்தார். கழிவு அடியில் விழும்படி வழி வைத்து, கீழே மண்சட்டி அமைத்து, அதை நாள்தோறும் கொட்டிக் கழுவினார். பகலில் அவை கூடத்தில் உலாவின. இரவில் ஒவ்வொன்றும் தன் கூட்டிற் படுத்தது. ஒன்று மற்றொன்றின் கூட்டிற் புகுந்ததேயில்லையாம். உணவிலும் அவர் கொண்ட கவனம் சிறிதன்று. இன்ன கீரையை விரும்பும், வைக்கோலையும் தின்னும், ரொட்டி நாள்தோறும் வேண்டும், குளிர்காலத்தில் அதனோடு காரட்டுக் கிழங்கைத் துருவியும் ஆப்பிள் தோலை மிக மெல்லியதாக நறுக்கியும் கலக்க வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து வைத்திருந்தார். இராப்போஜனத்திற்குப் பின் மூன்றும் அறைக்குள் விடப்படும். கம்பளத்தில் அவற்றின் கால்கள் வழுக்காமையால் துள்ளி விளையாடும். ஒருநாள் வீட்டுப் பூனை துணிந்து பெஸ்ஸின் கன்னத்திற் கை வைத்தது. பெஸ் சினந்து முன்னங்கால்களாற் பூனையின் முதுகில் முரசறைந்த வேகத்தில், பூனை தப்பினாற் போதும் என்று ஓடிற்று. அதே பெஸ், கழுவிய ஈரம் உலராத கூட்டில் விடப்பட்டுக் குளிர் தாக்கி, வளர்ச்சி முற்றிய சில நாளில் இறந்தது. அதனையும் கூப்பர் மறையாது எழுதியிருக்கிறார்.

புஸ் மிகப் பழகிற்று. மடியிலேறிக் கூப்பரின் நெற்றியோரத்து மயிரைக் கடிக்கும், முழங்கால்மேல் உறங்கும். ஒருமுறை அது மூன்று நாள் நோயுற்றது. நோயுற்ற முயலை மற்ற முயல்கள் வருத்தும் என்பதால் அதனைத் தனியே வைத்து, பலவகைப் பூண்டுகளைக் கொடுத்துப் பார்த்து, கூப்பர் பிழைக்கச் செய்தார். தேறியபின் அது அவர் புறங்கையையும் உள்ளங்கையையும் விரல்களையும் விரலிடைகளையும் ஓரிடமும் விடாமல் நக்கிற்று. காலையுணவுக்குப் பின் அதைத் தோட்டத்திற்கு எடுத்துச் செல்வார். அங்கே வெள்ளரிக்கொடியின் இலைகளுக்கடியில் மாலைவரை படுத்திருக்கும். நாளடைவில் அதற்குத் தோட்டத்தின்மேல் ஆசை முற்றிற்று. கூப்பர் நேரந் தாழ்த்தினால் அவர் முழங்காலைத் தட்டி முகத்தைப் பார்க்கும். அவர் உணராவிடின் சட்டையின் ஓரத்தைப் பல்லாற் கவ்வி இழுக்கும்.

டைனியின் குணம் வேறு. அதுவும் நோயுற்றது, அதற்கும் அதே பராமரிப்பு நடந்தது. ஆனால் தடவ வந்தால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும். எத்தனை ஆண்டு உணவூட்டியும் அது மாறவில்லை. கூப்பரும் மாறவில்லை, அதன் சீற்றத்தையே வேடிக்கையாகக் கொண்டு ரசித்தார். டைனி சுமார் ஒன்பது வயதில், கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டு இறந்தது. அதற்கு அவர் 1783-ல் ஆங்கிலத்தில் எழுதிய இரங்கற்பா இன்றும் புகழ் பெற்றது.

தேவன் தம்மை வெறுத்தார் என்று நம்பிய ஒருவர், தம் கையைக் கடிக்கும் பிராணியை எட்டாண்டுக்கு மேல் வெறாது காத்தார். இதனைக் கொண்டு பிரசங்கம் ஒன்று செய்தல் எளிது. கூப்பர் அதனைச் செய்யவில்லையாதலின் யாமும் செய்யத் துணியோம்.

இக்கதையை எம் விடுதித் தோழரொருவர்க்குச் சொன்னபோது, ஆத்துமாக்கள் அழிந்துபோகையில் முயலுக்குக் கூடு கட்டுவதும் ஒரு வாழ்க்கையா என்று அவர் வினவினார். அப்போது எமக்கு விடை தோன்றவில்லை. பின்னர் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம். முயல்கள் வந்தது 1774. அதன்பின் கூப்பர் புறாக்களும் வளர்த்தார், வெள்ளரி பயிரிட்டார், கண்ணாடி பதித்த செடிவீடு அமைத்தார், படம் வரைந்தார். 1782-ல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஆஸ்டின் என்னும் அம்மையார், எதைப் பாடுவது என்று கேட்ட அவரிடம், அறையிற் கிடந்த ஸோபாவைப் பாடும் என்று விளையாட்டாய்ச் சொல்ல, அதிலிருந்து வளர்ந்து ஏறக்குறைய ஐயாயிரம் அடிகள் கொண்ட ‘டாஸ்க்’ 1785-ல் வெளியாயிற்று. வேட்டையின் கொடுமையையும், காரணமின்றி உயிர்களை வதைப்பதையும் அந்நூல் கடிந்துரைக்கிறது. தம் வீட்டில் அச்சமின்றி வாழும் முயலையும் அதிற் குறித்தார். 1788-ல் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாடல்கள் எழுதினார். முயற்கூட்டினின்று இவையெல்லாம் பிறந்தன என்று சொல்லுதல் மிகை. எழுந்திருக்கக் காரணமற்ற ஒருவர்க்கு, காலையில் மூன்று சட்டிகளைக் கழுவ வேண்டியிருந்தது என்பதே யாம் சொல்வது. தோழர் இன்னும் ஒப்பவில்லை.

முயல்கள் அவர் நோயைத் தீர்த்தன என்றும் எழுதமாட்டோம். தீர்க்கவில்லை. 1786-ல் வெஸ்டன் என்னும் அண்டையூருக்குக் குடிபெயர்ந்தபின், 1787-ன் தொடக்கத்தில் இருள் மறுபடியும் கவிந்து ஆறு மாதம் அளவும் நின்றது. பின் தெளிந்து ஹோமரின் காவியங்களை மொழிபெயர்த்து 1791-ல் வெளியிட்டார். அக்காலத்தே அவரோடு உலாவியது போ என்னும் நாய். அதன்மேலும் பாடல்கள் உண்டு. அன்வின் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியபோது, இருபது ஆண்டுக்கு மேலாகத் தம்மைக் காத்த அவரைக் கூப்பர் அருகிருந்து பேணினார். 1796 டிசம்பரில் அம்மையார் இறந்தார். கூப்பர் நார்போக் பகுதியிலுள்ள ஈஸ்ட் டெரம் என்னும் ஊரில் 1800-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி காலமானார். நம்பிக்கை அவருக்குத் திரும்பி வந்ததாக அவர் எழுதிவைத்தது ஒன்றுமில்லை.

அவர் முயல்களைப் பற்றி 1784-ல் ஜென்டில்மன்ஸ் மாகஸீன் என்னும் பத்திரிகைக்கு எழுதியபோது புஸ் உயிரோடிருந்தது. அவர் இறந்தபின் அவருடைய காகிதங்களிடையே சிறு குறிப்பொன்று அகப்பட்டது. 1786-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே, புஸ் தன் பதினோராண்டு பதினோராம் மாதத்தில் முதுமையினாலே இறந்தது என்றும், அது வேதனைப்பட்டதாகத் தோன்றவில்லை என்றும் அதிற் குறித்திருந்தார்.