பென்ஷன் தந்த இரும்பு மனிதர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எடிசன், ஜேம்ஸ் வாட், விஸ்வேஸ்வரய்யா எல்லாரையும் நம் சீனியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் பிஸ்மார்க். ராணுவ உடையும் தொங்கு மீசையுமாகச் சரித்திரப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்களே, அவரேதான். போர்கள் நடத்திய மனுஷனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

எங்கள் பாட்டிக்கு மாதம் பிறந்தால் குடும்ப ஓய்வூதியம் வந்துவிடும். தாத்தா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அப்பா தனியார் ஆலையில் டர்னர். போன வருஷம் 58 வயது முடிந்து அவருக்கும் பி.எஃப். பென்ஷன் வர ஆரம்பித்தது. மூவாயிரத்துச் சொச்சம். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. பாட்டிதான் என்னைப் பார்த்து, உனக்கு எவ்வளவுடா வரும் என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பென்ஷன் என்கிற ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்தவர் யார் என்று நூலகத்தில் தேடப் போய்த்தான் பிஸ்மார்க்கிடம் வந்து சேர்ந்தேன்.

முரட்டுப் பிள்ளை

ஒட்டோ வான் பிஸ்மார்க் 1815 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரஷ்யாவில் ஷோன்ஹவுசன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கிழார். அம்மா படித்த அதிகாரிகள் குடும்பத்துப் பெண். பிள்ளையைப் படிக்க வைத்துப் பெரிய உத்தியோகத்தில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பிள்ளையோ கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போய், வகுப்பில் இருந்ததைவிட வாள் சண்டைப் பந்தயங்களில் இருந்ததுதான் அதிகம். (நம்ம பசங்க இதைப் படித்துவிட்டு உதாரணம் காட்டக் கூடாது!) ஒருவழியாகப் பெர்லினில் படிப்பை முடித்து அரசு உத்தியோகத்தில் சேர்ந்தார். அதுவும் நிலைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுக் குடும்ப நிலங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

1847-இல் ஜோஹன்னா என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் அரசியலில் கால் வைத்தார். பிறகு பிராங்க்பர்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ் என்று தூதராகப் பல ஊர்த் தண்ணீர் குடித்தார். 1862-இல் ராணுவச் செலவு விஷயத்தில் பிரஷ்ய மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பெரிய தகராறு. மன்னர் பிஸ்மார்க்கை அழைத்து முதலமைச்சர் ஆக்கினார். அவர் நாடாளுமன்றம் ஒப்புதல் தராத பட்ஜெட்டை வைத்துக்கொண்டே ஆட்சியை ஓட்டினார். 1864-இல் டென்மார்க், 1866-இல் ஆஸ்திரியா, 1870-71-இல் பிரான்ஸ் என மூன்று போர்கள். 1871 ஜனவரி 18-ஆம் தேதி ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. முதலாம் வில்ஹெல்ம் பேரரசர், பிஸ்மார்க் சான்சலர். உலகம் அவரை இரும்பு மனிதர் என்று அழைத்தது.

ஒரு கையில் சாட்டை, ஒரு கையில் சலுகை

இங்கேதான் நமக்கு வேண்டிய கதை தொடங்குகிறது. ஜெர்மனியில் ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. கிராமத்தை விட்டு வந்த தொழிலாளி இளமை உள்ளவரை உழைத்தான். கை போனாலோ வயதானாலோ நடுத்தெரு. அவர்களிடையே சமூக ஜனநாயகக் கட்சி வேகமாக வளர்ந்தது. 1878-இல் பேரரசரைக் கொல்ல இரண்டு முறை முயற்சி நடந்தது. அதைக் காரணமாக வைத்து பிஸ்மார்க் அந்த இயக்கத்தின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தார்.

அடித்தால் மட்டும் இயக்கம் அடங்காது என்பதும் அவருக்குத் தெரியும். அரசாங்கம் தனக்குக் கடைசிக் காலத்தில் காசு தரும் என்று நம்புகிற தொழிலாளி அரசாங்கத்தைக் கவிழ்க்க நினைக்க மாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. 1881 நவம்பர் 17-ஆம் தேதி பேரரசரின் செய்தி ஒன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. நோய், விபத்து, முதுமை ஆகியவற்றில் தொழிலாளியைக் காப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். தொடர்ந்து 1883-இல் நோய்க் காப்பீடு வந்தது, 1884-இல் விபத்துக் காப்பீடு வந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் முதுமை மற்றும் இயலாமைக் காப்பீடு. இதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. 1889 மே 24-ஆம் தேதி வாக்கெடுப்பில் 185 பேர் ஆதரவு, 165 பேர் எதிர்ப்பு. வெறும் 20 ஓட்டு வித்தியாசத்தில் உலகின் முதல் தேசிய முதியோர் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியே எதிர்த்து ஓட்டுப் போட்டது என்பதுதான் வேடிக்கை!

நண்பர்களே, பிஸ்மார்க்கைக் கருணை வள்ளல் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நேரத்துக்கு வரம்பு, ஞாயிறு விடுமுறை போன்ற சட்டங்களை அவர் கடைசிவரை எதிர்த்தவர். அவருக்கே சொந்தமாகக் காகித ஆலைகள் இருந்தன.

ஸ்டாம்ப் ஒட்டிய பென்ஷன்

திட்டம் 1891 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அது வேலை செய்த விதம், மெக்கானிக்கல் பசங்களுக்கு எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி சுவாரசியமானது. தொழிலாளர்களைக் கூலிப்படி நாலு வகுப்பாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. வாரா வாரம் அதில் ஒரு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஸ்டாம்பின் விலை வகுப்புக்கேற்ப 14 முதல் 30 பென்னிக் வரை. பாதி தொழிலாளி, பாதி முதலாளி. பென்ஷன் வாங்கும்போது அரசாங்கம் ஆளுக்கு வருஷம் 50 மார்க் தன் பங்காகச் சேர்க்கும்.

எப்போது கிடைக்கும்? 70 வயதில்! அதற்கும் 30 ஆண்டு ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். (65 வயது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1916-இல்தான் 65 ஆக்கினார்கள்.) எவ்வளவு கிடைக்கும்? கீழ் வகுப்புக்கு ஆண்டுக்கு 106 மார்க் 40 பென்னிக், மேல் வகுப்புக்கு 191 மார்க். மேல் வகுப்பு என்றால் ஆண்டுக் கூலி 850 மார்க்குக்கு மேல். அதாவது சம்பாதித்ததில் கால் பங்குகூட இல்லை. பிள்ளைகள் வீட்டில் ஒண்டிக் கிடக்கிற பெரியவருக்குக் கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். உழைக்க முடியாமல் போனவர்களுக்கு மட்டும் வயது வரம்பு இல்லாமல் இயலாமைப் பென்ஷன் உண்டு. சில ஆண்டுகளிலேயே முதுமைப் பென்ஷன் வாங்கியவர்களைவிட இதை வாங்கியவர்கள்தான் அதிகம் என்றாகிவிட்டது. தொழிலாளியின் விதவைக்கு 1911 வரை சட்டத்தில் இடமே இல்லை. எங்கள் பாட்டி அந்தக் காலத்து ஜெர்மனியில் இருந்திருந்தால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்.

கடைசிக் காலம்

1888-இல் பதவிக்கு வந்த இளம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கும் கிழவரான பிஸ்மார்க்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1890 பிப்ரவரித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி, ஓட்டு எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்தது. எந்தக் கட்சியை ஒழிக்க இத்தனையும் செய்தாரோ அந்தக் கட்சி! அடுத்த மாதமே பிஸ்மார்க் பதவி விலக நேர்ந்தது. 75 வயது நிறையச் சில நாள்தான் பாக்கி. தான் கொண்டுவந்த திட்டத்தில் முதல் மார்க் பட்டுவாடா ஆவதை அவர் பதவியில் இருந்து பார்க்கவில்லை. 1894-இல் மனைவி இறந்தார். 1898 ஜூலை 30-ஆம் தேதி பிரீட்ரிக்ஸ்ரூ என்ற ஊரில் அவரும் கண்ணை மூடினார்.

அவர் போன பிறகும் பென்ஷன் போகவில்லை

ஆள் போனார், போட்ட கணக்கு தப்பியது. ஆனால் திட்டம் நின்றது. இதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதல் உலகப் போர் வந்தது. 1923-இல் வந்த பயங்கரப் பணவீக்கத்தில் பென்ஷன் நிதிக்காகச் சேர்த்து வைத்த காசு காற்றில் கரைந்தது. 30 ஆண்டு ஸ்டாம்ப் ஒட்டியவர் என்ன செய்வார் பாவம்! இரண்டாம் உலகப் போரில் நாடே தரைமட்டமானது, இரண்டாக உடைந்தது. 1957-இல் மேற்கு ஜெர்மனி திட்டத்தையே மாற்றி அமைத்தது. இன்று உழைப்பவர் கட்டும் சந்தாவை இன்றைய முதியவருக்கே கொடுப்பது, கூலி ஏறினால் பென்ஷனும் ஏறுவது என்று வைத்தார்கள். சேர்த்து வைத்த பெட்டிக்குப் பதிலாகத் தலைமுறைகளுக்கு இடையே ஒரு ஒப்பந்தம்.

அதற்கும் சோதனை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு முதியவருக்குச் சந்தா கட்ட ஆறு பேர் இருந்தார்கள். இப்போது சுமார் இரண்டு பேர்தான். பிறப்பு குறைந்தது, ஆயுள் கூடியது. ஆகவே 2007-இல் சட்டம் போட்டு, 2012 தொடங்கி 2031-க்குள் வயதைப் படிப்படியாக 67 ஆக்குகிறார்கள். 1964-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 67. நாங்கள் கட்டுகிறோம், எங்களுக்கு யார் கட்டுவார்கள் என்று அங்கேயும் நம் வயதுக்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

நம் கணக்கு

நம் நாட்டிலும் இதே கேள்விதான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களையும், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களையும் (ராணுவம் நீங்கலாக) பழைய பென்ஷனிலிருந்து பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மத்திய அரசில் 2025 ஏப்ரல் 1 முதல் உறுதியளிக்கும் இன்னொரு திட்டமும் வந்தது.

நம்மில் பெரும்பாலோர் போவது தனியார் கம்பெனிக்கு. அங்கே 1995 நவம்பர் 16-இல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டம். முதலாளியின் பங்கில் 8.33 சதவிகிதம் இதற்குப் போகிறது, மத்திய அரசு 1.16 சதவிகிதம் சேர்க்கிறது. பிஸ்மார்க்கின் ஸ்டாம்ப் மாதிரியே. பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014-இல் சம்பள வரம்பை 15,000 ரூபாய் ஆக்கினார்கள். அந்த வரம்பில் 35 ஆண்டு உழைத்தால் 7,500 ரூபாய். அதே 2014-இல் வைத்த குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் இல்லையென்றால் மாதப் பென்ஷனே கிடையாது.

அப்பா முதலில் பார்த்த ஆலை 2001-இல் மூடியது. அத்தையின் கல்யாணத்துக்காக அந்த ஆறு வருஷப் பணத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டார். அந்த ஆறு வருஷம் கணக்கில் இல்லாமல் போனது. அது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணம் நின்றிருக்கக் கூடாதல்லவா! ஆனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் அதே எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருக்கும் வருஷம் இதில் சேராது என்பதையும் மறக்காதீர்கள்.

பாட்டிக்கு என் பதில்

அப்படியானால் நம்பலாமா, கூடாதா? பிஸ்மார்க் கதையிலிருந்து என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான். ஏதாவது ஒரு பென்ஷன் வரும் என்று நம்பலாம். இரண்டு உலகப் போரும் பணவீக்கமும் தின்ன முடியாத ஏற்பாடு அது. ஆனால் எந்த வயதில், எவ்வளவு, எந்த விதிப்படி என்பதை மட்டும் நம்ப முடியாது. அதை ஒவ்வொரு தலைமுறையும் மாற்றியிருக்கிறது. 70-ஐ 65 ஆக்கியதும் சட்டம்தான், 65-ஐ 67 ஆக்கியதும் சட்டம்தான். விதவைக்குப் பங்கு கிடைத்ததும் சட்டம் மாறியதால்தான்.

ஆகவே முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் தனியாகச் சேமிப்போம். பி.எஃப். கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்போம். சங்கத்தில் சேர்ந்து கேட்க வேண்டியதைக் கேட்போம். பிஸ்மார்க் பென்ஷன் கொடுத்தது, கேட்கிற கூட்டம் ஒன்று எதிரே நின்றதால்தான்.

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, தன் பென்ஷனில் நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டு ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பி என்றார். ஆரம்பித்துவிட்டேன் நண்பர்களே. நீங்களும் ஆரம்பியுங்கள்!