வள்ளல் அழகப்பரும் என் லேப்டாப் பேட்டரியும்



ப்ளக்கில் மாட்டினால் ஓடும், பிடுங்கினால் அடுத்த நொடியே அணைந்துவிடும். பெசன்ட் நகரில் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு இதுதான் வியாதி. அண்ணன் படித்து முடித்து எனக்குக் கொடுத்தது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும்போது கரண்ட் போச்சுன்னா, அடிச்சதெல்லாம் அம்போ!

கோளாறு எங்கே என்று படிப்படியாகப் பார்த்தேன். ப்ளக்கில் ஓடுகிறது என்றால் அடாப்டர் பெரும்பாலும் நலம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டினேன். பலனில்லை. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். புதிதில் 41,000 மில்லிவாட்-அவர் பிடித்த பேட்டரி இப்போது 3,000கூடப் பிடிக்கவில்லை. ஆள் காலி!

காரணம் என்ன? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போகின்றன. இறங்கும்போது திரும்பி வருகின்றன. இப்படிப் போய்வந்தே சில அயனிகள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. உள் மின்தடையும் கூடுகிறது. லோடு விழுந்ததும் வோல்ட்டேஜ் சரிந்து எல்லாம் அணைந்துவிடும். அப்புறம் பேட்டரியை மாற்றுவதுதான் வழி. உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்!

இந்த அயனி விளையாட்டைப் பற்றி மேலும் படிக்கப் போனவன் காரைக்குடியில் போய் நின்றேன். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகமான ‘சிக்ரி’ இருப்பது அங்கேதான். இப்படியொரு ஆய்வகம் செட்டிநாட்டுப் பொட்டலுக்கு எப்படி வந்தது? அதற்குக் காரணமானவர்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி நூற்பாலை, விமானக் கம்பெனி என்று பல தொழில்களில் இறங்கினார். பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தை என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய கதையே இருக்கிறது.

நம் கிண்டியில் இருக்கிறதே ஏ.சி.டெக், அந்த ஏ.சி. அவர்தான்! 1944-ல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி அவர் கொடுத்த நன்கொடையில் எழுந்தது.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நினைவாக ஒரு கூட்டம். ஆமாம், நம்ம பேட்டைக்குப் பேர் கொடுத்த அதே அம்மையார்தான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். கமிட்டி போட்டு யோசிக்கலாம் என்று அழகப்பர் நழுவவில்லை. அங்கேயே சம்மதம் சொன்னார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி திறந்தாயிற்று!

சுதந்திரம் வந்த புதிதில் தேசிய ஆய்வகங்கள் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மின்வேதியியல் ஆய்வகம் தன் மண்ணுக்கு வரவேண்டும் என்று அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் வேளையில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளிகள் என்று பொட்டல் காடு கல்வி நகரமாகிவிட்டது.

1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. மறு வருஷம் ஏப்ரல் 5-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். சேர்த்த வயசு கொஞ்சம்தான். கொடுத்ததைப் பாருங்கள்!

அவரோடு எதுவும் நின்றுபோகவில்லை. 1985-ல் அங்கே அழகப்பா பல்கலைக்கழகமே வந்தது. சிக்ரி விஞ்ஞானிகள் நம் நாட்டிலேயே உருவாக்கிய லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பம், 2018-ல் ஒரு கம்பெனிக்கு உற்பத்திக்காகக் கொடுக்கப்பட்டது. வெளியிலிருந்து சக்தி வரும்வரை மட்டும் ஓடுவது பெரிய விஷயமில்லை. கொடுத்தவர் போன பிறகும் ஓடுகிறதே, அந்த மாதிரி ஏற்றி வைப்பதுதான் பெரிய விஷயம்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருஷம் பி.இ. சேர நினைக்கிறீர்களா? காரைக்குடியில் அவர் பேரில் உள்ள பொறியியல் கல்லூரியையும் உங்கள் லிஸ்டில் எழுதிக்கொள்ளுங்கள். மின்வேதியியல் பாடத்தை ரெண்டு மார்க் கேள்விக்காக மட்டும் படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். அடுத்த நல்ல பேட்டரி நம்மில் ஒருவர் கையால் வரட்டுமே!

— மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு