பாலம் சமைத்த ரோப்ளிங்

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆதலின், அவ்வாறே புறப்பட்ட மற்றொருவரின் சரிதம் நமக்கு உவப்பளிக்கும். ஜான் அகஸ்டஸ் ரோப்ளிங் ஜெர்மனியில் மியூல்ஹவுசன் நகரில் 1806-ஆம் ஆண்டு பிறந்தார். பெர்லினில் பொறியியல் பயின்று, 1831-இல் உடன்பிறந்தாருடன் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்னும் ஊரை நிறுவி ஏர் பிடித்தார். உழவு அவருக்குக் கைவரவில்லை.

அந்நாளில் அலெகேனி மலைமீது கால்வாய்ப் படகுகளை வண்டிகளிலேற்றி நார்வடங்களால் இழுத்தனர். வடம் தேய்ந்து அறுவதுண்டு. இதற்கு மாற்றாக, 1841-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார் ரோப்ளிங். அவ்வடங்களின் வழியே பாலத்தொழிலும் வந்தது. தொங்கு பாலம் புகைவண்டியைத் தாங்காதென்றே வல்லுநர் பலர் கருதினர். 1855-இல் நயாகராவில் அவர் அமைத்த தொங்கு பாலத்தின்மீது புகைவண்டி ஓடிற்று. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு அவர் செயல்களுள் இதுவே தலையாயது.

பின்னர் நியூயார்க்கையும் புரூக்ளினையும் இணைக்க முனைந்தார். 1869-இல் படகுத்துறையில் நின்று இடம் அளக்கையில், கரைசேர்ந்த படகு மோதிப் பாதம் நசுங்கிற்று. விரல்களை அகற்றினர். அதன்பின் மருத்துவரை ஒதுக்கி, நீர்ச் சிகிச்சையையே நம்பினார், பிடிவாதக்காரர். சில வாரங்களில் இரணஜன்னி கண்டு மறைந்தார்.

பணியை மகன் வாஷிங்டன் ஏற்றார். ஆற்றடியில் உழைத்து அவரும் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். மருமகள் எமிலி கணிதமும் பொறியியலும் கற்று, கணவரின் கட்டளைகளை ஆண்டுக்கணக்கில் பணியிடத்திற்குக் கொண்டு சென்றார். 1883 மே 24-ஆம் நாள் பாலம் திறக்கப்பெற்றது. அதற்குச் சின்னாள் முன்னரே, குதிரைவண்டியில் முதன்முதல் அதனைக் கடந்தவர் அம்மருமகளே.